ஆறு காட்சிகளும் ஆறு வேலிகளும்

எனக்கு ஒரு வியாதி இருக்கிறது. எந்தப் படம் கையில் கிடைத்தாலும் அதில் கொஞ்சம் பனிமூட்டம் போட்டுவிடுவேன். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு அச்சகத்தில் வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். கல்யாணக் கார்ட் என்றால் பனி, பரிசளிப்பு விழா அழைப்பிதழ் என்றால் பனி. ஒரு முறை கட்டடப் பொருள் கடைக்கு நாட்காட்டி செய்தேன். முதலாளி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "பிள்ளை, சீமெந்துப் பையைக் காணேல்லை. புகைதான் தெரியுது" என்றார். அப்போதாவது நான் திருந்தியிருக்க வேண்டும். திருந்தாமல் என் சொந்தக் கல்யாண எழுத்து (பதிவுத் திருமணம்) வரைக்கும் அந்தப் பனியைக் கொண்டுபோனேன்.

மாப்பிள்ளை நிமலன் எங்கள் அடுத்த வீட்டுக்காரன். சாவகச்சேரியிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால் எங்கள் ஒழுங்கை வரும். அதில் முதல் வளவு (வீடும் காணியும்) எங்களுடையது, இரண்டாவது அவர்களுடையது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய பலாமரம். (நடுவில் என்று இன்று துணிந்து எழுதுகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு இப்படி எழுதியிருந்தால் ஏதாவது ஒரு வீட்டில் எனக்குச் சோறு கிடைத்திருக்காது.)

நானும் அவனும் கைக்குழந்தைகளாக இருந்தபோது இரண்டு குடும்பமும் இடம்பெயர்ந்து போனது. திரும்பி வந்தபோது வீட்டில் கூரை இல்லை, வேலியும் இல்லை. மரம் மட்டும் நின்றது. பழைய வேலி மரத்துக்கு அந்தப் பக்கத்தால் போனது, ஆகவே மரம் எங்களுடையது என்பது அப்பாவின் ஞாபகம். இந்தப் பக்கத்தால் போனது, ஆகவே மரம் தங்களுடையது என்பது நிமலனின் அப்பா தியாகு மாமாவின் ஞாபகம். அப்பா ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். மாமா ஓய்வுபெற்ற பஸ் சாரதி. ஒருவர் பிழை விடமாட்டார், மற்றவர் வழி விடமாட்டார்.

கடைசியில் வளவின் இரண்டு முனையிலிருந்தும் தகரவேலி போட்டுக்கொண்டு வந்து, மரத்துக்கு மூன்றடி முன்னால் இரண்டு பக்கமும் நிறுத்திவிட்டார்கள். மிச்ச இடத்தில் முள்ளுக்கம்பி. பலாப்பழம் காய்த்துப் பழுத்து விழும். அணில் தின்னும், மாடு தின்னும். நாங்கள் இரண்டு வீட்டுக்காரரும் சாவகச்சேரிச் சந்தைக்குப் போய்ப் பலாப்பழம் வாங்குவோம். தென்மராட்சியில் வளவில் பலாமரத்தை வைத்துக்கொண்டு சந்தையில் பழம் வாங்கிய குடும்பங்கள் எங்கள் இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

அந்த முள்ளுக்கம்பி இடைவெளியில்தான் நானும் நிமலனும் கதைக்கத் தொடங்கினோம். வேலைமுடிந்து பஸ்ஸால் இறங்கி வந்து உடுப்பு மாற்றிக்கொண்டு பின்வளவுக்குப் போவேன். அவன் அந்தப் பக்கம் மரத்தில் சாய்ந்து நிற்பான். மாலை வெயில் இலைகளுக்கு நடுவால் துளித்துளியாக இறங்கும். மார்கழியில் தோட்டத்துப் பக்கமிருந்து மெல்லிய பனி எழும்பி எங்கள் முழங்கால் வரைக்கும் வந்து நிற்கும். அவன் என்ன கதைத்தான் என்று இன்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பெரும்பாலும் அலுவலகத்துத் தண்ணீர்ப் பம்பி பழுதானதைப் பற்றித்தான் கதைத்தான். ஆனால் நான் அந்த மாதங்களைப் பாதித் தூக்கத்தில் கடந்தேன். நடந்தால் கால் நிலத்தில் படுகிறதா என்றே தெரியாது. அம்மா கறிக்கு உப்புக் கேட்டால் சீனிப் போத்தலைக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

விஷயம் வெளியே வந்ததும் பெரியவர்கள் ஏழு தரம் கூடிக் கதைத்தார்கள். அம்மாவும் பவளம் மாமியும் (நிமலனின் அம்மா) அழுதார்கள். அப்பாவும் மாமாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல், நடுவில் இருந்து சமாதானம் பேசியவரைப் பார்த்துச் சம்மதம் சொன்னார்கள். ஒரே ஒரு நிபந்தனை. மரத்தைப் பற்றி ஒருத்தரும் ஒருக்காலும் கதைக்கக்கூடாது. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். எழுத்துக்கு நாள் வைத்தாயிற்று. பதிவாளர் எங்கள் வீட்டுக்கே வருவார், பத்து நாற்பதிலிருந்து பன்னிரண்டு மணி வரைக்கும் நல்ல நேரம், அதற்குள் எங்கள் கையெழுத்தும், சாட்சிகளாக இரண்டு அப்பாமாரின் கையெழுத்தும். அந்த நேரம் தவறினால் அடுத்த நல்ல நாளுக்கு நாலு மாதம் காத்திருக்க வேண்டும்.

இவ்வளவையும் தெரிந்த ஒரு பெண், அறிவுள்ளவள் என்றால், எழுத்து நாளில் வாயை மூடிக்கொண்டு சேலையைப் பிடித்துக்கொண்டு இருப்பாள். நான் ஏஐ வீடியோ செய்தேன்.

வந்த சனம் நல்ல நேரத்துக்காகக் காத்திருக்கும் இடைவெளியில் ரீவியில் போடுவதற்கு ஆறு காட்சிகள். மழை, பனி, வெயில், காற்று என்று பருவம் மாற மாற நாங்கள் இரண்டு பேரும் வேலியோரம் நிற்கிறோம். அவ்வளவுதான் கதை. தகரமும் முள்ளுக்கம்பியும் அழகில்லை என்பதால் அந்தக் காலத்துப் பனையோலை வேலி. 'வேலியோரத்து மாலைகள்' என்று பெயர்கூட வைத்தேன். (மரத்தைப் பற்றித்தானே கதைக்கக்கூடாது, காட்டக்கூடாது என்று ஒருத்தரும் சொல்லவில்லையே என்று அப்போது நினைத்தேனா? இல்லை. அந்த நிபந்தனையே எனக்கு ஞாபகம் வரவில்லை. நான் இருந்த நிலை அப்படி.)

இந்த ஏஐயில் உள்ள பெரிய வில்லங்கம், அதற்கு ஞாபகம் கிடையாது. ஒரு காட்சியைச் செய்து முடித்ததும் எல்லாவற்றையும் மறந்துவிடும். அடுத்த காட்சியில் நிமலனுக்குப் பொலிஸ்காரரின் மீசை முளைத்தது. அதற்கடுத்ததில் அவனுக்கு மயிரே இல்லை. என் மாம்பழ நிறச் சேலை மழைக்கோட்டாக மாறியது. ஒரு காட்சி நீர்வண்ண ஓவியம் போல இருந்தது, மற்றது சிறுவர் கார்ட்டூன் போல இருந்தது. முதல் தடவை செய்ததைப் போட்டுப் பார்த்தபோது, ஆறு வேறு ஊர்களில் ஆறு வேறு சோடிகள் ஒரே அவசரத்தில் காதலிப்பது போல இருந்தது.

விடிய எழும்பி இருந்து பழகினேன். அந்த நேரம்தான் எங்கள் ஒழுங்கையில் இணையம் வேகமாக ஓடும். மெல்ல மெல்ல சூட்சுமம் பிடிபட்டது. பாணியை ஒரு பத்தியாக எழுதி, ஒவ்வொரு காட்சிக்கும் எழுத்து மாறாமல் அதையே ஒட்ட வேண்டும். 'நீர்வண்ண ஓவியம், மாலை வெயில், முழங்காலளவு பனி, கனவில் நடப்பது போன்ற மெதுவான அசைவு.' எங்கள் இரண்டு பேரின் முகத்துக்கும் முன்னால் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று அதே நான்கு படங்களை ஒவ்வொரு முறையும் கொடுக்க வேண்டும். நிறம் நான்குக்கு மேல் போகக்கூடாது. சேலைக் கரை எத்தனை விரல் அகலம் என்பதுகூட எழுதினேன். பின்னணியில் எங்கள் கிணற்றடி, அவர்கள் கோழிக்கூடு என்றும் எழுதினேன். ஒரு கிழமையில் மீசை நின்ற இடத்தில் நின்றது, சேலை சேலையாக இருந்தது, பனி அதே பனியாக இருந்தது. எனக்குத் தலைக்கனம் வந்துவிட்டது. இந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில் என்னைவிட நன்றாகப் பாணி பிடிக்கத் தெரிந்தவர் யார் என்று கண்ணாடியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டேன்.

வேலிக்கு மட்டும் 'பனையோலை வேலி, பெரிய பலாமரம்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். மரம் வேலிக்கு எந்தப் பக்கம் என்று எழுதவில்லை.

ஐந்தாம் காட்சியில் மட்டும் ஒரு பிழை கண்ணில் பட்டது. வேலி நேரே வந்து மரத்துக்குள் புகுந்து மற்றப் பக்கத்தால் வெளியே போனது. மரத்தடியில் வேலியில் ஒரு சின்ன இடைவெளி வேறு. மரத்துக்கு வேலி கட்டியதா, வேலிக்கு மரம் முளைத்ததா என்று தெரியாத கோலம். அதைத் திருத்தப் பொறுமையில்லாமல் அந்த இடத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பனி போட்டுவிட்டேன். நிமலனுக்கு அனுப்பினேன். பஸ்ஸில் இருந்து பார்த்துவிட்டு, "வடிவா இருக்கு வினோ. என்ரை மூக்கு சரியா வந்திருக்கு" என்றான். அவன் தன்னைப் பார்த்தான், நான் என்னைப் பார்த்தேன். வேலியைப் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

எழுத்து நாள். மண்டபம் போல ஆக்கிய எங்கள் முன்னறையில் முப்பது பேர் வரைக்கும் இருந்தார்கள். பதிவாளர் மேசையில் பெரிய புத்தகத்தை விரித்து வைத்து, வடைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அம்மாவும் மாமியும் குசினிக்குள் சமையலில். முதல் வரிசையில் இந்த ஓரம் அப்பா, அந்த ஓரம் மாமா. நடுவில் எட்டுக் கதிரை.

வீடியோ தொடங்கியது. சொன்னால் நம்புங்கள், அழகாகத்தான் இருந்தது. மாலை வெயில் தேனாக ஊறிக் கிடந்தது. பனி மெதுவாக எழும்பி, வேலிக்கு மேலால் வழிந்து, என் சேலைத் தலைப்பைத் தொட்டது. இலை ஒன்று சுழன்று சுழன்று விழுந்துகொண்டே இருந்தது, நிலத்துக்கு வரவே மனமில்லாதது போல. எனக்கே கண் கலங்கியது. இது நாங்கள்தான், இப்படித்தான் நின்றோம் என்று நம்பிவிட்டேன்.

அப்பாவின் கதிரை கிறீச்சிட்டது. எழும்பி ரீவிக்குக் கிட்டப் போய்க் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்தார்.

"நிப்பாட்டு."

"ஏனப்பா?"

"முதல் காட்சியிலை மரம் எங்கடை வளவுக்குள்ளை நிண்டது. இப்ப என்னெண்டு அங்கால போச்சுது?"

"போகவேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கு மாஸ்டர்," என்றார் மாமா, இருந்த இடத்திலிருந்தே. பல வருடங்களுக்குப் பிறகு அப்பாவிடம் அவர் நேராகச் சொன்ன முதல் வசனம் அதுதான்.

"அப்ப முதல் காட்சி பிழையோ?"

"அது பனி. பனிக்குள்ளை கண் பிழைக்கும். நான் முப்பது வருஷம் பனிக்குள்ளை பஸ் ஓட்டினனான், எனக்குத் தெரியும்."

நான் என்ன செய்வதென்று யோசிப்பதற்குள் மூன்றாம் காட்சி வந்துவிட்டது. அதில் வேலி எங்கள் கிணற்றடியைத் தாண்டி வந்து நின்றது. அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. நாலாவதில் அது மாமாவின் வளவுக்குள் போய்க் கோழிக்கூட்டை எங்கள் பக்கம் ஆக்கிவிட்டது. இப்போது மாமா எழும்பினார்.

எங்கள் ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வேலிக்கு நடும் உயிர்த்தடியைக் கதியால் என்போம். வேலி அடைக்கும் சாட்டில் அந்தக் கதியாலை ஆண்டுக்கு ஒரு விரல், இரண்டு விரல் என்று அடுத்த வளவுக்குள் தள்ளி நடுவதற்குப் பெயர் கதியால் அரக்குவது. கள்ளன் என்று சொன்னால்கூட மன்னிப்பார்கள். கதியால் அரக்கினவன் என்று சொன்னால் மூன்று தலைமுறைக்குப் பேச்சில்லை.

"கதியால் அரக்கிறவையைப் பாத்திருக்கிறன்," என்றார் மாமா எல்லோரையும் பார்த்து. "பெத்த பெட்டையை வைச்சு ரீவியிலை அரக்கிறவையை இண்டைக்குத்தான் பாக்கிறன்!"

"ஆர் அரக்கினது? மூண்டாம் காட்சியிலை எங்கடை கிணத்தடி மட்டும் வந்திட்டியளே!"

"மாமா, அது நான் இல்லை, ஏஐ..." என்றேன்.

"அது ஆர், உங்கடை பக்கத்து ஆளோ?"

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஒரு கணக்குக்கு ஆறு விடை வரக்கூடாது பிள்ளை. முகத்தை ஆறிலையும் ஒரே மாதிரி வைச்சிருக்கிறாய். சேலையை ஒரே மாதிரி வைச்சிருக்கிறாய். வேலியை மட்டும் ஏன் ஆட விட்டனீ? உந்த வீடியோவை இப்பவே திருத்து. கனடாவிலை இருக்கிற சனமெல்லாம் பாக்கப்போகுது. நாளைக்கு வழக்கெண்டு இதைக் கோட்ஸிலை கொண்டுபோய் வைப்பினம். பிழையான வேலியோடை நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"மாஸ்டருக்குச் சரியான வேலியோடை நான் வைக்கமாட்டன்," என்றார் மாமா.

"ஐயா, பதினொரு மணியாச்சுது," என்றார் பதிவாளர். ஒருவரும் அவரைக் கவனிக்கவில்லை. அவர் இன்னொரு வடையை எடுத்தார்.

கணினியை மடியில் வைத்துக்கொண்டு, கூறைச் சேலையில்லாவிட்டாலும் நல்ல பட்டுச் சேலையோடு, முப்பது பேருக்கு முன்னால் இருந்து நான் வேலி திருத்தினேன். இடது தோளுக்கு மேலால் அப்பா, வலது தோளுக்கு மேலால் மாமா. "மரத்திலை இருந்து கிழக்காலை மூண்டடி நாலங்குலம் எண்டு எழுது" என்பார் அப்பா. "அழி அதை" என்பார் மாமா. பகல் இணையத்தில் ஒவ்வொரு காட்சியும் வர நாலு நிமிடம் ஆகும். முதலில் வந்ததில் வேலி மரத்தைச் சுற்றி வட்டமாக நின்றது, மரம் மறியலில் அடைபட்டு இருந்தது. அடுத்ததில் வேலியே இல்லை, பலாமரத்தில் மாங்காய் தொங்கியது. அதற்கடுத்ததில் எல்லாம் சரி, ஆனால் நானும் நிமலனும் ஒரே பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்து போய்க்கொண்டிருந்தோம். அந்தக் காட்சி எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு பேரும் ஒரே குரலில் "அழி!" என்றார்கள்.

பதினொன்று முப்பத்தைந்து. மாமா சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"வாடா நிமலன், போவம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சேலைக்கும் பயமில்லை, சனத்துக்கும் பயமில்லை, நன்றாக அழுதேன். ஒரு கையெழுத்துத் தூரத்தில் இருந்ததை என் கையாலேயே நான் கெடுத்துவிட்டேன். அவன் எழும்பிப் போய்விட்டால் அந்த முள்ளுக்கம்பியடிக்கு இனி நான் எப்படிப் போவேன் என்பது ஒன்றுதான் எனக்குள் ஓடியது.

நிமலன் எழும்பவில்லை. "நீங்கள் போங்கோ அப்பா," என்றான். "நான் பன்னிரண்டு மணி மட்டும் இருக்கிறன்."

இந்தக் கலவரத்தில் ரீவியை நிறுத்த ஒருவருக்கும் ஞாபகமில்லை, அது பாட்டுக்குப் பழைய வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தது. சத்தம் திடீரென்று அடங்கியதால் என்னவோ நடந்துவிட்டதென்று நினைத்து, பவளம் மாமி தேநீர்த் தட்டோடு குசினியிலிருந்து வந்தார். ரீவியில் ஐந்தாம் காட்சி. மாமி நின்றார்.

"ராணியக்கா! இஞ்சை ஓடி வாங்கோ, கெதியா!"

அம்மா கையில் அகப்பையோடு ஓடிவந்தார்.

"எங்கடை பொட்டடி!" என்றார் மாமி.

அம்மா ரீவியைப் பார்த்தபடியே கதிரையில் மெதுவாக இருந்தார். "ஓமடி பவளம். அப்பிடியேதான் நிண்டது."

பொட்டு என்பது வேலியில் ஆள் குனிந்து போய்வர விடும் சின்ன வழி. பழைய ஓலைவேலி மரத்துக்கு அந்தப் பக்கத்தாலும் போகவில்லை, இந்தப் பக்கத்தாலும் போகவில்லை. மரத்தையே ஒரு கதியாலாக வைத்து, இரண்டு பக்கமும் மரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. அதற்கு ஒட்டினாற்போல் பொட்டு. இந்தப் பக்க வேரில் என்னை மடியில் வைத்துக்கொண்டு அம்மா, அந்தப் பக்க வேரில் நிமலனை வைத்துக்கொண்டு மாமி. புட்டு அங்கே போகும், சம்பல் இங்கே வரும். இரண்டு பேரும் மாறி மாறிச் சொன்னார்கள், ஒருவர் தொடங்க மற்றவர் முடித்தார். ஒரு இடத்திலும் ஞாபகம் பிசகவில்லை.

அப்பா, "இவ்வளவு வருஷமும் ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டார்.

"ஆர் கேட்டது?" என்றார் அம்மா. "காணி உறுதியைக் கேட்டியள். சேர்வேயரைக் கேட்டியள். வழக்குப் பேச அப்புக்காத்தரைக் கேட்டியள். எங்களை ஆர் கேட்டது? வாயைத் திறந்தால் 'நீ சும்மா இரு' எண்டுதானே சொன்னனீங்கள்."

கணித ஆசிரியர் நிரூபணம் இல்லாமல் விடுவாரா? எல்லோரும் பின்வளவுக்குப் போனோம். பதிவாளரும் வந்தார், தட்டோடு. அப்பா எங்கள் பக்கத்தில் மரப்பட்டையை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். மாமா தன் பக்கத்தில். முதலில் மாமாதான், "மாஸ்டர், இஞ்சை ஒரு கம்பி" என்றார். வேலியைக் கட்டிய பழைய கம்பி. அதன் துருப்பிடித்த நுனி மட்டும் வெளியே தெரிந்தது, மிச்சத்தை மரம் விழுங்கியிருந்தது. அப்பாவின் விரலும் அதே உயரத்தில் தன் பக்கத்து நுனியில் நின்றது. இரண்டு பேரும் மரத்தின் இரண்டு பக்கத்திலும் ஒரே கம்பியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நின்றார்கள். இலைகளுக்கு நடுவால் வெயில் அவர்கள் சட்டையில் விழுந்து அசைந்தது. அன்று பனி இல்லை, ஆனால் எனக்கு எல்லாமே மங்கலாகத்தான் தெரிந்தது.

"அப்ப பாதிப் பாதி," என்றார் அப்பா.

"பழமும்," என்றார் மாமா.

"ஐயாமார்," என்றார் பதிவாளர், "இன்னும் பதினொரு நிமிஷம் இருக்கு. எனக்கு இண்டைக்கு வேறையும் ஒரு எழுத்து இருக்கு."

ஓடிவந்து கையெழுத்து வைத்தோம். என் கையெழுத்து அந்தப் புத்தகத்தில் கோழி கிளறினது போல இருக்கும். சாட்சிக் கையெழுத்தை அப்பாவும் மாமாவும் ஒரே பேனையால் வைத்தார்கள்.

அந்த வீடியோவை அதற்குப் பிறகு முழுதாக ஒருவரும் பார்த்ததில்லை. ஆனால் ஐந்தாம் காட்சி இரண்டு அப்பாமாரின் போனிலும் இருக்கிறது. காணி உறுதியைக் காட்டுவது போல வாறவர் போறவருக்கெல்லாம் காட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் கறிக்குப் புளி கூடியதா குறைந்ததா என்று வாக்குவாதம் வந்தால், "ஐஞ்சாங் காட்சியைப் போடுங்கோ" என்பான் நிமலன். என் அச்சகத்தில் புதிதாக வீடியோ செய்யப் பழகுகிறவர்களுக்கு நான் சொல்வதும் ஒன்றுதான். மீசை மாறினால் சனம் சிரித்துவிட்டு விடும், வேலியை மட்டும் கவனமாக எழுதுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முன்பின் தெரியாத ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். கையில் கடைப் பைக்குள் சுற்றிய காணி உறுதி. "பிள்ளை, நீங்கள் கொம்பியூட்டரிலை பழைய வேலி எடுத்துக் குடுக்கிறீங்களாம். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நெடுகப் பிரச்சினை" என்றார். அப்படியெல்லாம் எடுக்க முடியாது, அது சும்மா கனவு மாதிரி எதையாவது காட்டும், அன்றைக்கு வந்தது தற்செயல் என்று நான் விளக்கத் தொடங்கினேன். அவர் முகம் வாடிப்போனது.

உள்ளேயிருந்து அப்பா வந்தார். அவரைக் கதிரையில் இருத்தி, தண்ணீர் கொடுத்து, உறுதியைப் பிரிக்காமலே திருப்பி அவர் கையில் வைத்தார்.

"பிள்ளை எடுத்துத் தரும் தம்பி, நீங்கள் யோசிக்காதேங்கோ," என்றார். "அதுக்கு முதல் போய் உங்கடை மனிசியையும், அடுத்த வீட்டு மனிசியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."